திரும்பாத சாவி: கோளாறு எங்கே இருக்கிறது?

கார்ச் சாவி இக்னிஷனுக்குள் நுழைகிறது, ஆனால் திரும்ப மறுக்கிறது. கேட்பதற்கு ஒரே புகார். அதற்குள் ஐந்தாறு வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. சிலவற்றைச் சரிசெய்யக் காசே வேண்டாம், அரை நிமிடம் போதும். சிலவற்றுக்குப் பூட்டைத் துளைபோட்டு உடைத்துத்தான் எடுக்க வேண்டும். எது எந்த ரகம் என்று பிரித்துப் பார்க்காமல் கையின் பலத்தைக் காட்டுவதால், முதல் ரகத்தில் இருந்த பல கார்கள் கடைசி ரகத்துக்குப் போய்ச் சேர்கின்றன. சாவி திரும்பவில்லையா, இன்னும் அழுத்தித் திருகு. அதற்கும் மசியவில்லையா, கட்டிங் பிளேயரால் பிடித்துத் திருகு. பாதிச் சாவி கையிலும் பாதிச் சாவி பூட்டுக்குள்ளுமாக நிற்பவர்களில் பெரும்பாலோர் இந்த வழியில் வந்தவர்கள்தான்.

பூட்டு மறுக்கிறது என்றால் அநேகமாக அதற்கு ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. ஏதோ ஒன்று அதை அழுத்திப் பிடித்திருக்கும், அல்லது உள்ளே வந்திருக்கும் சாவியை அதற்கு அடையாளம் தெரியாமல் போயிருக்கும். உண்மையாகவே பூட்டு கெட்டுப்போவது இவற்றுக்குப் பிறகுதான். ஆராய்வதும் இதே வரிசையில் நடக்க வேண்டும்.

ஒரு சாவித் துளைக்கு இத்தனை வேலை எப்படி வந்து சேர்ந்தது என்று தெரிந்தால் கோளாறைப் பிரிப்பது எளிது. சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின் ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டு கேடிலாக் கார்களில் வந்தது. முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பும் தொல்லை அதோடு ஒழியத் தொடங்கியது. ஆனாலும் சாவி ஓரிடம், ஸ்டார்ட்டர் பொத்தான் ஓரிடம் என்றே பல கார்கள் நெடுங்காலம் ஓடின. சாவியைத் திருகினாலே எஞ்சின் கிளம்பும் ஏற்பாட்டை 1949-இல் கிரைஸ்லர் கொண்டுவந்தது. அமெரிக்கக் கார்களில் அப்போதும் சாவித் துளை டேஷ்போர்டில்தான் இருந்தது. ஸ்டியரிங்குக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

அந்தத் தொடர்பை உண்டாக்கியது திருட்டு. மேற்கு ஜெர்மனி 1960-களின் தொடக்கத்தில் பழைய கார், புதிய கார் என்று பாராமல் எல்லாவற்றுக்கும் ஸ்டியரிங் பூட்டைக் கட்டாயமாக்கியது. கார்த் திருட்டு இறங்கியது. பிரிட்டன் 1971 முதல் புதிய கார்களுக்கு மட்டும் அதை விதித்தது. திருடர்கள் பூட்டில்லாத பழைய கார்களின் பக்கம் போனார்கள். குற்றத் தடுப்பைப் பற்றிப் படிப்பவர்கள் இந்த இரு நாடுகளையும் இன்றைக்கும் அருகருகே வைத்துப் பேசுகிறார்கள். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் 1969 மாடல்களில் சாவியை ஸ்டியரிங் தண்டுக்கு மாற்றியது. மறு ஆண்டே, சாவியை எடுத்ததும் ஸ்டியரிங்கோ வண்டி நகர்வதோ தடைபட வேண்டும் என்ற மத்திய அரசு விதி அங்கே நடைமுறைக்கு வந்தது. ஸ்வீடனின் சாப் நிறுவனம் மட்டும் வேறு வழி கண்டது. முன் இருக்கைகள் இரண்டுக்கும் நடுவில் சாவியை வைத்து, ஸ்டியரிங்குக்குப் பதில் கியரைப் பூட்டியது. ரிவர்ஸ் கியரில் போட்டால்தான் அந்தக் காரில் சாவி வெளியே வரும்.

ஆக, இன்று நாம் கையாளும் இக்னிஷன் பேரல் மூன்று பொறுப்புகளைச் சுமக்கிறது. சாவி சரியானதா என்று பார்ப்பது ஒன்று. ஸ்டியரிங்கைப் பூட்டித் திறப்பது மற்றொன்று. பின்னால் இருக்கும் மின் சுவிட்சைச் சுழற்றுவது மூன்றாவது. மூன்றில் எது மறுத்தாலும் நம் விரலுக்குத் தெரிவது ஒன்றுதான்: சாவி திரும்பவில்லை.

முதலில் சந்தேகப்பட வேண்டியது ஸ்டியரிங் பூட்டை. சாவியை எடுத்த பிறகு ஸ்டியரிங்கைக் கொஞ்சம் அசைத்தால் 'டக்' என்று ஓர் ஒலி கேட்கும். பேரலுக்குக் கீழிருந்து ஓர் இரும்புத் தாழ் ஸ்பிரிங் விசையால் பாய்ந்து, ஸ்டியரிங் தண்டில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் உட்காரும் ஒலி அது. சாவியைத் திருகும்போது அந்தத் தாழைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். தாழ் பள்ளத்துக்குள் தளர்வாக இருந்தால் இழுப்பது சுலபம். முன் சக்கரம் நடைபாதைக் கல்லில் முட்டி நின்றிருந்தாலோ, சக்கரத்தை ஒடித்து வைத்தே வண்டியை நிறுத்தியிருந்தாலோ கதை வேறு. முறுக்கப்பட்ட டயர் ரப்பர் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். அந்த விசை முழுவதும் ஸ்டியரிங் தண்டு வழியாக வந்து தாழின் பக்கவாட்டில் அழுந்தும். அத்தனை அழுத்தத்தில் சிக்கிய இரும்பை ஒரு சாவியின் பலத்தால் உருவ முடியாது. உருவப் பார்த்தால் முதலில் முறிவது சாவிதான்.

செய்ய வேண்டியது இது. நம் கார்களில் சாவித் துளை பெரும்பாலும் ஸ்டியரிங் தண்டின் வலப்பக்கம் இருக்கும். வலது கையில் சாவியை லேசாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இடது கையால் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் தள்ளிப் பாருங்கள், பிறகு மறுபக்கம். ஒரு பக்கம் கல்லில் முட்டியதுபோல் நிற்கும். மறுபக்கம் நூலளவு இடம் கொடுக்கும். இடம் கொடுக்கும் பக்கமாகத் தள்ளிப் பிடித்தபடியே, சாவியைச் சாதாரணமாகத் திருகும் அளவுக்கு மட்டும் திருகுங்கள். தாழின் மேல் இருந்த அழுத்தம் விலகும் அந்தக் கணத்தில் சாவி தானாகத் திரும்பிவிடும். ஸ்டியரிங்கைப் படபடவென்று இரண்டு பக்கமும் ஆட்டுவதில் பயன் குறைவு. அழுத்தத்தை விலக்கி நிறுத்திப் பிடிப்பதுதான் முக்கியம். அப்படியும் வரவில்லை, சக்கரம் கல்லோடு கெட்டியாக முட்டியிருக்கிறது என்றால், இரண்டு பேர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, ஹேண்ட்பிரேக்கைத் தளர்த்தி ஒரு சாண் நகர்த்தினால் போதும். சமதளமாக இருந்தால் பின் சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு, முட்டிய முன் சக்கரத்தை ஜாக்கியால் சற்றே தூக்குவதும் டயரின் முறுக்கை விடுவிக்கும். பேரலைத் தொடவே தேவையில்லை.

ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளில் இதே மாதிரி இன்னொரு ஏற்பாடு உண்டு. கியர் நெம்புகோல் 'பி' நிலைக்கு முழுமையாகப் போய் உட்காராவிட்டால் சாவி 'லாக்' நிலைக்குத் திரும்பாது, வெளியேயும் வராது. ஓட்டுநர் இறங்கிய பிறகு வண்டி உருண்டுவிடக் கூடாது என்பதற்கான காப்பு அது. நெம்புகோலை ஒருமுறை கீழிறக்கி மறுபடி 'பி'-க்கு அழுத்தித் தள்ளினால் பெரும்பாலும் தீரும். பல ஜப்பானிய வடிவமைப்புகளில் சாவியை உள்ளே அழுத்திக்கொண்டு திருகினால்தான் 'லாக்' வரை போகும். வேறொருவரின் வண்டியை முதல்முறை ஓட்டுபவர்கள் இங்கே தடுமாறுவார்கள். சில ஐரோப்பியக் கார்களில், ஸ்டார்ட் செய்து எஞ்சின் பிடிக்காமல் போனால் சாவியை முழுக்க அணைத்த நிலைக்குக் கொண்டுவந்த பிறகே இரண்டாவது முறை திருக முடியும். ஓடும் எஞ்சினில் ஸ்டார்ட்டரை மறுபடி இழுத்துப் பல்சக்கரத்தை நொறுக்காமல் இருக்க அந்தத் தடை.

பேட்டரி இறங்கியதால் சாவி திரும்பவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. சாதாரண உலோகச் சாவி போடும் கார்களில் அது சரியல்ல. பேட்டரி உயிரே இல்லாமல் கிடந்தாலும் அந்தச் சாவி திரும்ப வேண்டும், எஞ்சின்தான் கிளம்பாது. சாவி திரும்பி எஞ்சின் கிளம்பாதது வேறு நோய். அதற்கு ஸ்டார்ட்டர், சுவிட்ச், சாவியின் சிப்பைச் சரிபார்க்கும் இம்மொபிலைசர் என்று தேட வேண்டிய இடங்களும் வேறு. இந்த இரண்டையும் குழப்பி மெக்கானிக்கிடம் போனில் சொல்வதால் தவறான சாமானோடு ஆள் வந்து நிற்பது அடிக்கடி நடக்கிறது. "சாவி ஏறுது, ஆனா திரும்பல. ஸ்டியரிங்கும் லாக்ல இருக்கு" என்று சொன்னால் அவருக்குப் பாதி விஷயம் விளங்கிவிடும்.

ஸ்டியரிங் விடுபட்டும் சாவி திரும்பவில்லை என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது சாவியை.

இதற்குப் பேரலின் உள்ளமைப்பு தெரிய வேண்டும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டின் உள்ளே நெம்புகோல்கள் இருக்கும். பெரும்பாலான கார்களின் இக்னிஷனில் இருப்பவை மெல்லிய பித்தளைத் தகடுகள். எட்டுப் பத்துத் தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு நுண்ணிய ஸ்பிரிங்கோடு நிற்கும். தகட்டின் நடுவில் ஒரு துளை. அதன் வழியாகத்தான் சாவி நுழைகிறது. சாவி இல்லாதபோது தகடுகளின் ஓரம் பேரலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு, சுற்றியுள்ள கூட்டின் பள்ளத்தில் மாட்டியிருக்கும். சரியான சாவி நுழைந்ததும் அதன் மேடுபள்ளங்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்கு உரிய உயரத்தில் நிறுத்தும். எல்லா ஓரங்களும் உள்ளே அடங்கினால் பேரல் சுழலும். ஒரே ஒரு தகடு மயிரிழை நீட்டிக்கொண்டிருந்தாலும் சுழலாது. சாவியில் ஒரு வெட்டுக்கும் அதற்கு அடுத்த ஆழத்துக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். பத்து ஆண்டுகள் தினமும் உரசும் உலோகத்துக்கு அதில் கால்வாசி தேய்வது பெரிய விஷயமில்லை.

உங்கள் சாவியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். புதிதில் வெள்ளி நிறத்தில் பளபளத்த நிக்கல் முலாம் மேடுகளின் உச்சியில் போய், உள்ளே பித்தளையின் மஞ்சள் தெரிகிறதா? கூராக இருந்த முனைகள் வழவழவென்று உருண்டிருக்கின்றனவா? மேசை விளிம்பில் வைத்துப் பார்த்தால் சாவி லேசாக வளைந்திருக்கிறதா? பார்சல் கட்டைப் பிரிக்கவும் பெயின்ட் டப்பா மூடியை நெம்பவும் கார்ச் சாவியைப் பயன்படுத்துகிறவர்களின் சாவி வளையாமல் என்ன செய்யும்?

தீர்ப்புச் சொல்லும் சோதனை மாற்றுச் சாவிதான். அலமாரியில் தூங்கும் இரண்டாவது சாவி உடனே திரும்பினால் குற்றம் முதல் சாவியுடையது. இரண்டும் திரும்பவில்லை என்றால் பேரலைப் பார்க்க வேண்டும். இருபுறமும் ஒரேமாதிரி வெட்டிய சாவியாக இருந்தால், திருப்பிப் போட்டுப் பார்ப்பதும் பயன் தரும். குறைவாகத் தேய்ந்த பக்கம் வேலை செய்துவிடலாம். டிரைவர் கதவில் சாவி நன்றாகத் திரும்புகிறது, அதனால் சாவியில் தவறில்லை என்று சிலர் முடிவுகட்டுகிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. பல கார்களில் கதவுப் பூட்டில் இக்னிஷனைவிடக் குறைந்த தகடுகளே உண்டு. அதோடு ரிமோட் வந்த பிறகு கதவுப் பூட்டில் சாவி நுழைவதே அபூர்வம், அதனால் அந்தப் பூட்டு தேயவே இல்லை. தேய்ந்த சாவியைக்கூட அது பொறுத்துக்கொள்ளும்.

தேய்ந்த சாவிக்கு மாற்றுப் போடும் இடத்தில்தான் பலரும் தவறான பாதையில் போகிறார்கள். மெஷினில் ஒரு பக்கம் பழைய சாவி, மறுபக்கம் வெற்றுச் சாவி. பழையதைத் தடவிக்கொண்டே புதியதை வெட்டினால், பழையதன் தேய்மானமும் அப்படியே புதியதில் ஏறும். அதோடு மெஷினின் சிறு பிசகும் சேரும். நகலிலிருந்து நகல் எடுத்து மூன்றாவது தலைமுறைக்கு வந்த சாவி பிறக்கும்போதே கிழடு. சாவியைத் தொழிற்சாலை எண்ணிலிருந்து வெட்டுவதுதான் முறை. புதுக் காரோடு வரும் சாவிக் கொத்தில் ஒரு சிறு உலோகத் தகடு தொங்கும். அதில் பொறித்த எண் வெட்டுகளின் ஆழத்தைக் குறிக்கும் சங்கேதம். அதை வைத்து வெட்டினால் முதல் நாள் இருந்த சாவியே திரும்பக் கிடைக்கும். நம் வீடுகளில் அந்தத் தகடு ஒரு மாதத்துக்குள் காணாமல் போய்விடுகிறது.

தகடு இல்லையென்றாலும் வழி உண்டு. அந்த வழி தெரிந்தவர்கள் நம் தெருமுனைகளில் குடையின் கீழ் சாவிப் பலகையோடு உட்கார்ந்திருப்பவர்களில் இருக்கிறார்கள். தேர்ந்த கைக்காரர் வெற்றுச் சாவியைப் பூட்டுக்குள் விட்டு மெல்ல முறுக்குவார். அடங்க மறுக்கும் தகடு சாவியின் முதுகில் மிக மெல்லிய கீறலைப் பதிக்கும். வெளியே எடுத்து, வெயிலில் சாய்த்துப் பிடித்து, அந்தக் கீறலைக் கண்டுபிடித்து, சின்ன அரத்தால் அந்த இடத்தில் மட்டும் இரண்டு இழுப்பு இழுப்பார். மறுபடி பூட்டுக்குள். கீறல் விழுந்த இடத்தில் மறுபடி அரம். கீறல் விழாமல் போகும் இடம் சரியான ஆழம் வந்துவிட்ட இடம். இப்படி ஒவ்வொரு தகடாகக் கேட்டுக் கேட்டு, பூட்டே சொல்லச் சொல்லச் சாவியை உருவாக்குகிறார். எந்த மெஷினும் இல்லாமல் கண்ணும் விரலும் செய்யும் வேலை இது. இதற்கு நூறு, இருநூறு கேட்டால் பேரம் பேசும் மனம் நமக்கு வரக் கூடாது.

இனி பேரல். புதிய சாவியும் திரும்பவில்லை என்றால் தகடுகள் சிக்கியிருக்கின்றன, அல்லது தேய்ந்திருக்கின்றன. புழுதி, சாவியோடு சட்டைப்பையிலிருந்து வரும் பஞ்சு, தகடுகள் உரசியே உதிர்க்கும் பித்தளைத் தூள் எல்லாம் உள்ளே சேரும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் டேஷ்போர்டு வரை மூழ்கிய கார்களில் வண்டலும் இதோடு சேர்ந்தது. ஸ்பிரிங் பலவீனமான தகட்டை அந்த அழுக்குப் பிடித்துக்கொள்ளும். சாவியைச் செருகிய நிலையில், ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் பேரல் முகத்தில் மெல்லத் தட்டினால் சிக்கிய தகடு விடுபடலாம். மெல்ல என்பதை அழுத்திச் சொல்கிறேன். சுத்தியலால் அடித்துக் கூட்டைப் பிளந்தவர்களும் உண்டு.

எதை ஊற்றுவது என்பதில் கருத்து வேறுபாடு அதிகம். சமையலறைத் தேங்காய் எண்ணெயையும் எஞ்சின் ஆயிலையும் விட்டுவிடலாம். அவை புழுதியைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் களிம்பாக்கும். 1953-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் பிறந்த டபிள்யூடி-40 முதலில் ஈரத்தை விலக்குவதற்கென்று உருவானது. அழுக்கைக் கரைத்து வெளியேற்ற அது உதவும், அவசரத்துக்குச் சாவி திரும்பவும் செய்யும். நாள்பட்ட உயவுக்கு அதை நம்புவது சரியில்லை. பூட்டுக்காரர்கள் பரிந்துரைப்பது உலர்ந்த உயவுப் பொருள்: மெல்லிய கிராஃபைட் தூள், அல்லது காய்ந்தபின் பிசுக்கு விடாத டெஃப்லான் வகை ஸ்பிரே. இரண்டில் ஒன்றைத்தான் பயன்படுத்த வேண்டும். எண்ணெய் விட்ட பூட்டில் கிராஃபைட்டைத் தூவினால் கறுப்புப் பசைதான் மிஞ்சும். முறிந்த சாவித் துண்டை எடுக்க ஃபெவிக்விக் தடவிய குச்சியை உள்ளே விடும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அதிலிருந்து மீள ஒரே வழி புதுப் பேரல்.

தகடுகளே தேய்ந்துபோன பேரலுக்கு மருந்து கிடையாது, மாற்றத்தான் வேண்டும். இங்கே கார் வைத்திருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய உண்மை ஒன்று உண்டு. பெரும்பாலான கார்களில் பேரலைக் கழற்றுவதற்கு, சாவியை முதல் படிக்குத் திருப்பி வைத்துக்கொண்டு, கூட்டில் இருக்கும் சிறு துளை வழியாக ஒரு பின்னை அழுத்த வேண்டும். சாவி திரும்பினால்தான் பேரல் வெளியே வரும். ஒருநாள் முற்றிலும் திரும்பாமல் நின்றுவிட்டால், பத்து நிமிட வேலை டிரில் போட்டுத் துளைக்கும் வேலையாக மாறிவிடுகிறது. அமெரிக்காவில் முதல் தலைமுறை ஃபோர்டு ஃபோகஸ் கார்கள் இந்தத் தொல்லைக்குப் பேர்போனவை. திறந்தவெளியில் வண்டி நின்றுபோய், பேரலைத் துளைத்தெடுத்த உரிமையாளர்கள் அங்கே ஏராளம். ஆகவே காலையில் இரண்டு தடவை முயன்றால்தான் திரும்புகிறது என்ற நிலை வந்ததுமே மாற்றிவிடுவது மலிவு. அந்த எச்சரிக்கை பெரும்பாலும் பல வாரங்கள் முன்னதாகவே வருகிறது, நாம்தான் பழகிப்போய்விடுகிறோம்.

மாற்றும்போது முழு லாக் செட்டையும், அதாவது இக்னிஷன், கதவுகள், டிக்கி, பெட்ரோல் மூடி எல்லாவற்றையும் வாங்கச் சொல்வார்கள். எப்போதும் அது தேவையில்லை. புதுப் பேரலின் தகடுகளைப் பழைய சாவிக்கு ஏற்ப மாற்றி அடுக்கித் தரத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய பேரல் வாங்கிப் போடுவதும் வழக்கம். இம்மொபிலைசர் இல்லாத பழைய கார்களுக்கு அது பொருந்தும். சாவித் தலையில் சிப் இருக்கும் காரில் சிப்பை மாற்றியோ புதிதாகப் பதிவு செய்தோதான் எஞ்சினைக் கிளப்ப முடியும். ஸ்டியரிங் தண்டைப் பிரிக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். ஏர்பேக் அங்கேதான் இருக்கிறது. இந்த வேலையை வீட்டு வாசலில் பழக வேண்டாம்.

சாவி இலகுவாகத் திரும்புவதும் ஆபத்துதான். ஜெனரல் மோட்டார்ஸ் 2014-இல் கோபால்ட் உள்ளிட்ட ஏறக்குறைய 26 லட்சம் சிறு கார்களைத் திரும்ப அழைத்தது. பேரலுக்குப் பின்னால் இருக்கும் சுவிட்சில், ஒவ்வொரு படியிலும் சாவியைப் பிடித்து நிறுத்த வேண்டிய ஸ்பிரிங்கும் குமிழும் பலமற்றவை. கனமான சாவிக் கொத்து ஆடினாலோ முழங்கால் இடித்தாலோ ஓடும்போதே சாவி அணைந்த பக்கம் நழுவியது. எஞ்சின் நின்றது, விபத்து நேரத்தில் ஏர்பேக்கும் விரியவில்லை. 124 சாவுகளுக்கு இந்தக் குறையே காரணம் என்று நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதியே ஏற்றுக்கொண்டது. இடையில் பாகத்தைப் பலமாக்கியும் அதன் எண்ணை மாற்றாமல் விட்டதால் உண்மை வெளிவரப் பல ஆண்டுகள் ஆயின. பழுது நீக்கும் வரை வளையத்தில் சாவியைத் தவிர வேறெதையும் மாட்டாதீர்கள் என்றுதான் உரிமையாளர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. அந்த அறிவுரை நமக்கும் பொருந்தும். வீட்டுச் சாவி, பீரோ சாவி, கடைச் சாவி, வெண்கலப் பிள்ளையார் எல்லாம் ஒரே வளையத்தில் தொங்கினால் அந்தக் கனம் முழுவதும் தகடுகளையும் சுவிட்சையும் தினமும் தேய்க்கிறது.

சாவியே இல்லாத பொத்தான் கார்கள் வந்துவிட்டதால் இதெல்லாம் பழங்கதை என்று நினைப்பதற்கில்லை. 2007-இல் வந்த மெர்சிடிஸ் சி கிளாஸில் சாவி ஒரு பிளாஸ்டிக் கட்டை. அதைச் செருகியதும் ஒரு சிறு மோட்டார் ஸ்டியரிங் தாழை இழுக்கும். அந்த மோட்டார் உயிர்விட்டால் சாவி திரும்பாது. செருகியதும் வழக்கமாகக் கேட்கும் மெல்லிய இரைச்சல் கேட்காமல் போவதே அடையாளம். தெருவில் சாவி போடுபவரால் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. பாகத்தை மாற்றி, காரின் கணினிக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டும். செலவும் பல மடங்கு. மறுபக்கம், மின்னணுக் காவல் இல்லாமல் வெறும் பேரலை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை 2022-இல் அமெரிக்கா பார்த்தது. இம்மொபிலைசர் இல்லாத கியா, ஹூண்டாய் கார்களின் பேரலைப் பிய்த்தெடுத்து, யூஎஸ்பி வயரின் முனையால் உள்ளிருப்பதைத் திருகி வண்டியைக் கிளப்பும் வீடியோக்கள் பரவின. ஏறக்குறைய 83 லட்சம் கார்களுக்கு மென்பொருள் திருத்தம் தர வேண்டியதாயிற்று. ஐரோப்பாவில் 1998 முதலே புதுக் கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயம்.

எனவே சிப் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சாவி எண்ணையும் மாற்றுப் பேரலையும் நியாயமான விலையில் உரிமையாளருக்குத் தருவது தயாரிப்பாளரின் கடமை. ஓர் அரை மில்லிமீட்டர் தேய்மானத்துக்கு முழு லாக் செட்டை வாங்கவைப்பது சரியல்ல.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றைக்கே மாற்றுச் சாவியைத் தேடியெடுத்துக் காரில் ஒருமுறை போட்டுத் திருகிப் பாருங்கள். கொத்தில் எண் தகடு இன்னும் இருந்தால் அந்த எண்ணை ஆர்சி புத்தக நகலின் பின்பக்கம் எழுதி, காருக்குள் வைக்காமல் வீட்டில் வையுங்கள்.